நிலைத்தன்மைக்கும் எளிமைக்கும் நடுவே: ஒரு கோட்பாட்டின் இடத்தைக் கண்டறியும் முழுமையான வழிகாட்டி

கணிதத் தர்க்கத்தின் ஒரு கிளையான மாதிரிக் கோட்பாட்டியலில், முதல்நிலைத் தர்க்க மொழியில் எழுதப்பட்ட முரணற்ற கூற்றுகளின் தொகுப்பைக் ‘கோட்பாடு’ என்றும், அக்கூற்றுகள் அனைத்தும் உண்மையாக இருக்கும் கணித அமைப்பை அதன் ‘மாதிரி’ என்றும் அழைக்கிறோம். சஹரோன் ஷெலா 1969 முதல் வளர்த்தெடுத்த ‘நிலைத்த’ கோட்பாடுகள் மிகுந்த ஒழுங்குடையவை. அவரே 1980-இல் வெளியிட்ட கட்டுரையில் நிலைத்தன்மை இல்லாவிட்டாலும் ஓரளவு ஒழுங்கு எஞ்சியிருக்கும் ‘எளிய’ கோட்பாடுகளை ஆராய்ந்தார். பியுங்கான் கிம் 1996-இல் எழுதிய ஆய்வேடும், அடுத்த ஆண்டு அவரும் ஆனந்த் பிள்ளையும் சேர்ந்து வெளியிட்ட கட்டுரையும் அந்தப் பரப்பை உறுதியான அடித்தளத்தில் நிறுத்தின. நிலைத்த கோட்பாடுகள் எல்லாம் எளியவை. எளியவை எல்லாம் நிலைத்தவை அல்ல. இவ்விரு எல்லைகளுக்கும் நடுவே உள்ள நிலத்தில் ஒரு கோட்பாடு எங்கே நிற்கிறது என்று எப்படிச் சோதிப்பது என்பதே இந்தக் கட்டுரையின் பொருள்.

இந்நிலத்தில் அடியெடுத்து வைப்பவர்கள் பெரும்பாலும் ‘இங்கே எது கெட்டுப்போயிற்று?’ என்று கேட்கிறார்கள். அதைவிடப் பயனுள்ள கேள்வி வேறொன்று என்பது என் உறுதியான கருத்து. ஓர் உறுப்பைப் பற்றிய விவரத்தைப் பெரிதாக்கும்போது ‘ஒரே வழிதான்’ என்ற உறுதி போய்விட்ட பிறகு, வெவ்வேறு வழிகளில் பெரிதாக்கிய விவரங்களை ஒன்றாகப் பொருத்த முடிகிறதா, எத்தனை விவரங்கள் வரை முடிகிறது என்பதே அக்கேள்வி. கீழே வரும் படிகள் யாவும் இதையே வெவ்வேறு கோணங்களில் கேட்பவை.

முதல் படி: வரையறுக்கத்தக்க கணங்களைக் கைவசப்படுத்துதல்

சூத்திரம் ஒன்றை நிறைவு செய்யும் உறுப்புகளின் தொகுப்பே வரையறுக்கத்தக்க கணம். எந்தச் சோதனைக்கும் முன்னால், ‘எல்லாவற்றுக்கும்’, ‘ஏதேனும் ஒன்றுக்கு’ என்னும் அளவுக்குறிகளை நீக்கி, சூத்திரங்களை எளிய வடிவுக்குக் கொண்டுவர முடிகிறதா என்று பார்க்க வேண்டும். அது தெரியாமல் மேலே செல்வது வீண் வேலை. இக்கட்டுரை முழுவதும் நமக்குத் துணைவரப்போகும் எடுத்துக்காட்டு, 1963-இல் எர்டோஷும் ரெனியும் ஆராய்ந்து, 1964-இல் ரிச்சர்ட் ராடோ வெளிப்படையாகக் கட்டிக்காட்டிய சமவாய்ப்புக் கோட்டுரு. முனைகளும் அவற்றுள் சிலவற்றை இணைக்கும் விளிம்புகளும் சேர்ந்ததே கோட்டுரு. அதன் ஒரே விதி இதுதான்: பொது உறுப்பில்லாத எந்த இரு முடிவுறு முனைத்தொகுப்புகளை எடுத்தாலும், முதல் தொகுப்பின் எல்லா முனைகளோடும் இணைந்தும் இரண்டாம் தொகுப்பின் எந்த முனையோடும் இணையாமலும் இருக்கும் வேறொரு முனை உண்டு.

ராடோவின் கட்டமைப்பில் 0, 1, 2 என்று தொடரும் எண்களே முனைகள். இரு எண்களில் சிறியது எதுவோ, அந்த இடத்து இலக்கம் பெரிய எண்ணின் இரும விரிவில் 1 ஆக இருந்தால் அவ்விரண்டும் இணைந்தவை. இடங்களை வலப்புறத்திலிருந்து 0, 1, 2 என்று எண்ண வேண்டும். 1, 3 ஆகியவற்றோடு இணைந்து 0, 2 ஆகியவற்றோடு இணையாத முனை வேண்டுமானால் 2-உம் 8-உம் கூட்டி 10-ஐ எடுத்தால் போதும். அதன் இரும வடிவம் 1010. ஒன்றாம் இடத்திலும் மூன்றாம் இடத்திலும் மட்டுமே 1 இருக்கிறது. இந்தக் கோட்பாட்டில் அளவுக்குறிகளை முழுதும் நீக்கலாம். எனவே ஒரு முனையைப் பற்றிச் சொல்லக்கூடியவை எல்லாம், அது எவற்றோடு சமம், எவற்றோடு இணைந்தது என்ற இரண்டுக்குள் அடங்கிவிடுகின்றன.

இரண்டாம் படி: நிலைத்தன்மை எங்கே உடைகிறது?

ஒரு கணத்தின் உறுப்புகளைத் துணையலகுகளாக, அதாவது சூத்திரத்தில் நேரே சுட்டும் உறுப்புகளாக, கொண்டு ஓர் உறுப்பைப் பற்றிச் சொல்லக்கூடிய முழு விவரத்தை, அக்கணத்தின் மீதான ‘வகை’ என்கிறோம். ஏதேனும் ஒரு முடிவிலி எண்ணளவைக்கு, அந்த அளவுக்கு மிகாத ஒவ்வொரு கணத்தின் மீதும் உள்ள வகைகள் அதே அளவுக்கு மிகாமல் இருந்தால் கோட்பாடு நிலைத்தது. இதை நேராக எண்ணிப் பார்ப்பதைவிட வரிசையைத் தேடுவது எளிது. ப(க, ச) என்னும் சூத்திரத்துக்கு அ₁, அ₂, அ₃… என்றும் இ₁, இ₂, இ₃… என்றும் இரு தொடர்கள் கிடைத்து, முதல் தொடரின் சுட்டெண் இரண்டாம் தொடரின் சுட்டெண்ணைவிடச் சிறிதாக இருக்கும்போது மட்டுமே சூத்திரம் உண்மையானால், கோட்பாடு நிலைத்தது அல்ல. சமவாய்ப்புக் கோட்டுருவில் ‘இணைந்தது’ என்ற சூத்திரத்துக்கு எந்தக் கோலத்தையும் வரையலாமாதலால் இந்தக் கோலமும் கிடைத்துவிடுகிறது. வகைகளை எண்ணினாலும் அதே முடிவுதான்: ஒரு கணத்தின் ஒவ்வோர் உட்கணத்துக்கும் தனித்தனி வகை ஒன்று உண்டு.

நிலைத்தன்மை உடைந்தது என்று கண்டவுடன், எந்த விதத்தில் உடைந்தது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். நிலைத்தன்மை இல்லாத கோட்பாட்டில் இரண்டில் ஒன்றாவது இருந்தே தீரும் என்று ஷெலா நிறுவினார். ஒன்று, வரையறுக்கத்தக்க கணங்கள் ஒன்றை ஒன்று விழுங்கி முடிவில்லாமல் வளரும் கண்டிப்பான வரிசைப் பண்பு. மற்றொன்று, துணையலகுகளின் எந்த உட்கணத்தையும் தன்னிச்சையாகப் பொறுக்கி எடுக்க இடம்தரும் சாராப் பண்பு. எளிய கோட்பாடுகளில் முதலாவது இருக்கவே முடியாது. ஆகவே விகிதமுறு எண்களின் வரிசையைப் போன்ற ஒன்று கண்ணில் பட்டால், அந்தக் கோட்பாடு நம் நிலத்துக்கு வெளியே உள்ளது. வேலை அங்கேயே முடிந்தது. நம் நிலத்தில் இருப்பது எதுவானாலும் அதில் சாராப் பண்பு உண்டு என்பது இதிலிருந்து பெறப்படுகிறது.

மூன்றாம் படி: எளிமையைச் சோதித்தல்

இதுவே நடுப்பகுதி. இதற்கு நேரம் கொடுக்க வேண்டும்.

மரப் பண்பு இல்லாத கோட்பாடே எளிய கோட்பாடு. ஒவ்வொரு கணுவிலும் முடிவிலி கிளைகள் பிரியும், முடிவிலி உயரமுள்ள ஒரு மரத்தைக் கற்பனை செய்யுங்கள். கணுக்களில் துணையலகுகளை அமர்த்தி, வேரிலிருந்து செல்லும் ஒவ்வொரு பாதையிலும் சூத்திரங்கள் முரணின்றிச் சேர்ந்து நிற்குமாறும், ஒரே கணுவின் பிள்ளைகளில் ஒரு குறிப்பிட்ட முடிவுறு எண்ணிக்கையில் எவற்றை எடுத்தாலும் அவை முரண்படுமாறும் செய்ய ஒரு சூத்திரத்தால் முடிந்தால், அதற்கு மரப் பண்பு உண்டு.

இல்லை என்று காட்டுவதற்கு மரங்களை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டிருக்க முடியாது. அங்கேதான் கிம்–பிள்ளை தேற்றம் கைகொடுக்கிறது. ‘இக்கணத்தின் மீது அதுவும் இதுவும் ஒன்றையொன்று சாராதவை’ என்று சொல்லும் ஓர் உறவை நாமே முன்மொழிந்து, அது தன்னமைவியங்களால் (அமைப்பைக் குலைக்காமல் உறுப்புகளை இடம்மாற்றும் சார்புகளால்) மாறாதது, சமச்சீரானது, கடப்புப் பண்பு உடையது, எப்போதும் நீட்டிக்கத்தக்கது, முடிவுறு பகுதிகளால் தீர்மானிக்கப்படுவது, ஒவ்வொரு முடிவுறு தொடரும் எந்தக் கணத்தின் மீதும் அதன் ஒரு சிறிய பகுதியை மட்டுமே சார்ந்திருக்கிறது என்பவற்றைச் சரிபார்க்க வேண்டும். இவற்றோடு மாதிரிகளின் மீது சார்பின்மைத் தேற்றமும் நிறைவேறினால், கோட்பாடு எளியது. அது மட்டுமல்ல, நாம் முன்மொழிந்த உறவுதான் ஷெலா வரையறுத்த ‘கிளைக்காமை’ (சார்பு புகுவதே ‘கிளைத்தல்’) என்றும் தெரிந்துவிடுகிறது.

சார்பின்மைத் தேற்றம் சொல்வது இதுதான். ம என்பது ஒரு மாதிரி. அ, இ இரண்டும் அதன் மீது ஒன்றையொன்று சாராதவை. ம-வின் மீது ஒரே விவரமுடைய ஓர் உறுப்பை அ-வை நோக்கி ஒரு வழியிலும் இ-யை நோக்கி வேறொரு வழியிலும், சார்பு ஏதும் புகாமல், பெரிதாக்கியிருக்கிறோம். அப்படியானால் இவ்விரு விவரங்களையும் ஒருங்கே நிறைவு செய்து, அ, இ இரண்டையும் சாராத உறுப்பு ஒன்று உண்டு. நிலைத்த கோட்பாடுகளில் மாதிரியின் மீதுள்ள வகையைச் சார்பின்றிப் பெரிதாக்க ஒரே வழிதான் இருப்பதால், அங்கே இத்தேற்றம் தானே கிடைத்துவிடுகிறது.

சமவாய்ப்புக் கோட்டுருவுக்கு வருவோம். இரு கணங்களின் பொது உறுப்புகள் எல்லாம் அடிக்கணத்துக்குள் இருந்தால் அவை சாராதவை என்று கொள்வோம். ம-வுக்கு வெளியே உள்ள புதிய முனை ஒன்றை, அ-வோடு இணைந்தது என்று ஒரு விவரமும் இ-யோடு இணையாதது என்று மற்றொரு விவரமும் சொன்னால், இரண்டையும் நிறைவேற்றும் முனையைக் கோட்டுருவின் விதியே தந்துவிடுகிறது. முரண் எழக்கூடிய ஒரே இடம் அ, இ இரண்டுக்கும் பொதுவான பகுதி. அது ம-வுக்குள் இருக்கிறது, அங்கே இரு விவரங்களும் ஒன்றே. எனவே கோட்பாடு எளியது. ஆனால் அ-வோடு இணைவதும் இணையாமையும் ஆகிய இரு வழிகளும் சார்பற்றவையே. ஒரேவழித்தன்மை போய்விட்டது, பொருத்தும் ஆற்றல் மிஞ்சியது. நம் நிலத்தின் இயல்பு முழுவதையும் இந்த ஓர் எடுத்துக்காட்டிலேயே காணலாம்.

இதே உறவை, 1971-இல் வார்ட் ஹென்சன் கட்டிய, முக்கோணமே இல்லாத, ஆனால் முக்கோணத்தை உண்டாக்காத எந்த இணைப்புக் கோலத்துக்கும் முனை தரும் பொதுமைக் கோட்டுருவில் வைத்துப் பாருங்கள். அ, இ இரண்டும் தம்முள் இணைந்திருக்கட்டும். ஒரு விவரம் ‘அ-வோடு இணை’ என்கிறது, மற்றது ‘இ-யோடு இணை’ என்கிறது. தனித்தனியே இரண்டும் சரி; சேர்த்தால் முக்கோணம் உருவாகிவிடும். பொருத்த முடியவில்லை.

பலர் இவ்விடத்தில் ‘ஆகவே எளியது அல்ல’ என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். அது தவறு. நாம் முன்மொழிந்த ஓர் உறவு தோற்றால், வேறோர் உறவு வெல்லக்கூடும். எளிமை இல்லை என்று சொல்வதற்கு மரத்தையே காட்ட வேண்டும். ஹென்சன் கோட்டுருவில் அதைக் கையால் வரையலாம். அ₁, அ₂, அ₃… என்றும் இ₁, இ₂, இ₃… என்றும் முனைகளை எடுத்து, சுட்டெண் வேறாக இருக்கும்போது மட்டும் அ-வையும் இ-யையும் இணையுங்கள். வேறு இணைப்பு வேண்டாம். இரு அணிகளுக்கும் இடையே மட்டுமே விளிம்புகள் ஓடுவதால் முக்கோணம் இல்லை. ‘ஒரே சுட்டெண்ணுடைய அ, இ இரண்டோடும் இணைந்தது’ என்ற சூத்திரம் ஒவ்வொரு சுட்டெண்ணுக்கும் தனியே நிறைவேறும். ஆனால் 1, 2 என்னும் சுட்டெண்களுக்குச் சேர்ந்து நிறைவேறினால், நம் முனை அ₁, இ₂ இரண்டோடும் இணைந்துவிடும். அவையோ தம்முள் இணைந்தவை. ஆக எந்த இரண்டும் முரண்படுகின்றன. இத்தகைய வரிசைகளை ஒன்றோடொன்று இணைப்பே இல்லாமல் முடிவிலி எண்ணிக்கையில் அடுக்கி, ஒவ்வொரு வரிசையிலிருந்தும் ஒரு சோடியை எடுத்தால், எடுத்த முனைகளுக்குள் விளிம்பே இல்லை. அவை அனைத்தோடும் இணைந்த முனை உண்டு. மரத்தின் ஒவ்வொரு மட்டத்துக்கும் ஒரு வரிசையை ஒதுக்கினால் மரப் பண்பு கையில் வந்துவிட்டது. ஹென்சன் கோட்டுரு எளியது அல்ல என்பது இப்போதுதான் நிறுவப்பட்டது.

கோட்டுருக்கள் செயற்கையானவை என்று கருதுவோருக்கு இயற்கணிதத்திலிருந்தே சான்று உண்டு. கூட்டல், கழித்தல், பெருக்கல், சுழியல்லாததால் வகுத்தல் ஆகியவை செய்யத்தக்க அமைப்பே களம். முடிவுறு களங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான கூற்றுகளை நிறைவு செய்யும் முடிவிலிக் களங்களைப் போலி முடிவுறு களங்கள் என்கிறோம். ஜேம்ஸ் ஆக்ஸ் 1968-இல் அவற்றின் கோட்பாட்டைத் தெளிவுபடுத்தினார். ‘க + ச என்பது சுழியல்லாத வர்க்கம்’ என்ற சூத்திரத்தை எடுத்துக்கொள்வோம். 13 உறுப்புகள் கொண்ட களத்தில் சுழியல்லாத வர்க்கங்கள் 1, 3, 4, 9, 10, 12. தானோ தன் அடுத்த எண்ணோ சுழியாகும் 0, 12 இரண்டையும் விட்டுவிட்டால், தானும் தன் அடுத்த எண்ணும் வர்க்கமாக இருப்பவை 3, 9 என இரண்டு. தான் மட்டும் வர்க்கமாக இருப்பவை 1, 4, 10. அடுத்தது மட்டும் வர்க்கமாக இருப்பவை 2, 8, 11. இரண்டும் வர்க்கமல்லாதவை 5, 6, 7. நான்கு கோலங்களும் ஏறக்குறையச் சமமாக வந்துவிட்டன. களம் பெரிதாகும்போது, துணையலகுகளின் எண்ணிக்கை எதுவானாலும் எல்லாக் கோலங்களும் இவ்வாறே ஏறக்குறையச் சமப்பங்காகக் கிடைக்கும் என்பதை முடிவுறு களங்களில் சமன்பாடுகளின் தீர்வுகளை எண்ணும் வெய்லின் மதிப்பீடு உறுதிசெய்கிறது. எனவே போலி முடிவுறு களங்களில் சாராப் பண்பு உண்டு, நிலைத்தன்மை இல்லை. ஆனாலும் இயற்கணிதச் சார்பின்மை என்னும் பழைய உறவே அங்கே சார்பின்மைத் தேற்றத்தை நிறைவேற்றுவதால் அவை எளியவை. இதை வெளிக்கொணர்ந்தவர் ஏஹுட் ஹ்ருஷோவ்ஸ்கி. கிம்மின் ஆய்வேட்டுக்குச் சில ஆண்டுகள் முன்பே இது நடந்தது.

நான்காம் படி: தரம் முடிவுறுகிறதா?

எளியது என்று தெரிந்த பின், சார்பு எத்தனை முறை தொடர்ந்து புகலாம் என்று அளக்க வேண்டும். ஒவ்வொரு வகையும் ஏதேனும் ஒரு முடிவுறு உட்கணத்தை மட்டுமே சார்ந்திருந்தால் கோட்பாடு மீஎளியது. அப்போது எஸ்யூ தரம் என்னும் வரிசையெண்ணை ஒவ்வொரு வகைக்கும் கொடுக்கலாம். சமவாய்ப்புக் கோட்டுருவுக்கும் போலி முடிவுறு களங்களுக்கும் அது 1. பொதுமைத் தன்னமைவியம் ஒன்றோடு கூடிய இயற்கணித மூடிய (பல்லுறுப்புச் சமன்பாடுகளுக்கெல்லாம் தீர்வு கொண்ட) களங்களில் பொதுமை உறுப்பின் தரம் முதல் முடிவிலி வரிசையெண்ணான ஒமேகா. 1999-இல் சாட்ஸிடாகிஸும் ஹ்ருஷோவ்ஸ்கியும் வெளியிட்ட ஆய்வு இதை விரிவாகச் சொல்கிறது.

ஓர் எச்சரிக்கை. தரம் இல்லாமை என்பது நிலைத்தன்மை உடைந்ததன் விளைவு என்று எண்ணக் கூடாது. ஒன்றை ஒன்று முடிவில்லாமல் நுணுக்கிச் செல்லும் சமான உறவுகளின் கோட்பாடு, ஒவ்வொரு வகுப்பும் அடுத்த உறவில் முடிவிலி வகுப்புகளாகப் பிரியும்போது, நிலைத்ததே. ஆனால் மீஎளியது அல்ல. ஆக இந்த அளவுகோல் முதல் இரண்டு படிகளுக்குக் குறுக்காக ஓடுகிறது. இரண்டையும் தனித்தனியே குறித்துக்கொள்ள வேண்டும்.

ஐந்தாம் படி: தாழ்மையும் நிலைத்த கிளைத்தலும்

ஒரு சூத்திரத்தின் துணையலகுகளை, பிரித்தறிய முடியாத உறுப்புகளின் தொடர் ஒன்றில் (ஒரே நீளமுள்ள எந்த ஏறுவரிசைப் பகுதிகளை எடுத்தாலும் அவற்றின் விவரம் ஒன்றேயான தொடரில்) ஓடவிட்டு, அதனால் முரண் எழுந்தால், எத்தனை உறுப்புகளுக்குள் எழுகிறது என்று பாருங்கள். சூத்திரத்தை மட்டுமே பொறுத்த மேல்வரம்பு ஒன்று எப்போதும் இருந்தால் கோட்பாடு ‘தாழ்ந்தது’. இச்சொல் இங்கே தகுதிக்குறைவைக் குறிக்கவில்லை, நல்ல பண்பையே குறிக்கிறது. நிலைத்தவை எல்லாம் தாழ்ந்தவை, சமவாய்ப்புக் கோட்டுருவும் அப்படியே. மீஎளிமை இதற்குப் போதாது: தாழாத மீஎளிய கோட்பாடு ஒன்றைக் காசனோவாஸும் கிம்மும் 1998-இல் கட்டிக் காட்டினர்.

நிலைத்த கிளைத்தலைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சார்பு புகும் ஒவ்வோர் இடத்திலும் அதற்கு ஒரு நிலைத்த சூத்திரமே (இரண்டாம் படியின் வரிசைக் கோலம் கிடைக்காத சூத்திரமே) சாட்சியாக நிற்கிறதா என்று கேட்கிறோம். சமவாய்ப்புக் கோட்டுருவில் சாட்சி ‘க = ச’ என்னும் சமன்பாடு; அதைவிட நிலைத்த சூத்திரம் இருக்க முடியாது. எல்லா எளிய கோட்பாடுகளிலும் இப்படித்தான் என்பது பொதுநிலையில் நிறுவப்படாத கருதுகோள். உங்கள் கோட்பாட்டில் சாட்சி எது என்று எழுதிப் பார்ப்பது எப்போதும் பலன் தரும் பயிற்சி.

ஆறாம் படி: எத்தனை விவரங்கள் வரை பொருத்தலாம்?

சார்பின்மைத் தேற்றம் இரு விவரங்களைப் பொருத்துகிறது. அ, இ, உ என மூன்று சாராத உறுப்புகளை எடுத்து, அவற்றின் ஒவ்வொரு சோடியின் மீதும் ஒரு விவரம் கொடுத்தால் மூன்றையும் பொருத்த முடியுமா? விளிம்புகள் மும்மூன்று முனைகளைச் சேர்க்கும் மீகோட்டுருக்களில், நான்கு முனைகளின் எல்லா மூன்றன் தொகுப்புகளும் விளிம்பாகும் நான்முகி மட்டும் தடைசெய்யப்பட்ட பொதுமை அமைப்பை எடுங்கள். இரு விவரங்களைப் பொருத்தும்போது, புதிய முனையையும் அ, இ இரண்டையும் சேர்க்கும் விளிம்பை இடாமல் விட்டால் நான்முகி உருவாகாது. எனவே சார்பின்மைத் தேற்றம் நிறைவேறுகிறது, கோட்பாடு எளியது. ஆனால் அ, இ, உ மூன்றும் ஒரு விளிம்பாக இருந்து, மூன்று விவரங்களும் ‘இச்சோடியோடு விளிம்பாகு’ என்றால், நான்முகி தவிர்க்க முடியாதது. ஹென்சன் கோட்டுருவில் முதல் மாடியில் நேர்ந்த முறிவு இங்கே ஒரு மாடி மேலே நேர்கிறது. சமவாய்ப்புக் கோட்டுருவிலோ எந்த மாடியிலும் அது நேர்வதில்லை.

இதற்கு இணையாக, சாராப் பண்பையும் மாடி மாடியாக அளக்கலாம். துணையலகுகளின் ஒரே தொடருக்குப் பதிலாக இரு தொடர்களின் கட்டங்களில் எல்லாக் கோலங்களையும் ஒரு சூத்திரம் பொறுக்க முடிந்தால் அது இரண்டாம் மாடிச் சாராப் பண்பு. சமவாய்ப்புக் கோட்டுருவில் முதல் மாடி மட்டுமே உண்டு. மேற்சொன்ன நான்முகியற்ற மீகோட்டுருவில் இரண்டாம் மாடியும் உண்டு, மூன்றாவது இல்லை. போலி முடிவுறு களங்களில் எல்லா மாடிகளும் உண்டு என்பது 2016-இல் நாட்ஜா ஹெம்பெல் வெளியிட்ட முடிவிலிருந்து கிடைக்கிறது. தரம் 1 ஆக இருந்தும் இப்படி. தரம் சிறியதாயின் சிக்கலும் சிறியது என்று முன்கூட்டித் தீர்மானித்துவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

ஏழாம் படி: கெய்ஸ்லர் வரிசையில் வைத்துப் பார்த்தல்

கடைசி அளவுகோலை ஜெரோம் கெய்ஸ்லர் 1967-இல் தந்தார். ஒரு கணத்தின் எந்த உட்கணங்கள் ‘பெரியவை’ என்று முடிவுசெய்யும் ஒழுங்கான அல்ட்ராஃபில்டர் ஒன்றைக் கொண்டு மாதிரியின் அல்ட்ராபவரை (பெரிய உட்கணத்தில் ஒத்துப்போகும் தொடர்களை ஒன்றாகக் கருதிக் கட்டும் மாதிரியை) அமைத்தால், அது எந்த அளவுக்கு நிறைவுற்றதாகிறது, அதாவது சிறிய கணங்களின் மீதுள்ள வகைகள் எந்த அளவுக்கு அதன் உறுப்புகளாலேயே நிறைவேறுகின்றன, என்பதை வைத்து இரு கோட்பாடுகளை ஒப்பிடலாம். எதை நிறைவுறச் செய்வது கடினமோ அது மேலே நிற்கும். நிலைத்தன்மை இல்லாதவற்றுள் ஆகக் கீழே நிற்பது சமவாய்ப்புக் கோட்டுரு. மரியான்தி மாலியாரிஸும் ஷெலாவும் 2013-இல், நிலைத்த கோட்பாடுகளையும் சமவாய்ப்புக் கோட்டுருவையும் நிறைவுறச் செய்து, எளிமை இல்லாத எதையும், தாழ்மை இல்லாத எதையும் நிறைவுறச் செய்யாத அல்ட்ராஃபில்டர்களைக் கட்டினர். ஐந்தாம் படியில் பார்த்த தாழ்மை இவ்வாறு இவ்வரிசையிலும் ஓர் உண்மையான கோடாக வெளிப்பட்டது.

இவ்வரிசையில் முடிவுறு எண்ணிக்கையில் வகுப்புகளே இருக்கும், அவையும் நேர்கோட்டில் நிற்கும் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். அதே இருவர், எளிய கோட்பாடுகளுக்குள்ளேயே முடிவில்லாமல் இறங்கிச் செல்லும் வகுப்புகளின் சங்கிலியைக் காட்டி அந்த எண்ணத்தை மாற்றினர். சங்கிலியின் கண்ணிகள் வேறெவையும் அல்ல, ஆறாம் படியில் நாம் கையில் எடுத்த நான்முகியற்ற மீகோட்டுரு எந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததோ, ஹ்ருஷோவ்ஸ்கி ஆராய்ந்த அதே குடும்பத்துக் கோட்பாடுகள். 2021-இல் வெளியான அவர்களது மற்றொரு கட்டுரை, ஒன்றோடொன்று ஒப்பிடவே முடியாத எளிய கோட்பாடுகள், மெய்யெண்கள் எத்தனையோ அத்தனை இருப்பதைக் காட்டுகிறது. ஆகவே முதல் ஐந்து படிகளில் ஒரே விடை தரும் இரு கோட்பாடுகள் கிடைத்தால், அவை ஒன்றே என்று எழுதிவிடாமல், ஆறாம் படிக்குத் திரும்பி, பொருத்தம் எந்த மாடியில், எந்தத் தடையால் முறிகிறது என்பதை இரண்டுக்கும் தனித்தனியே வரைந்து பாருங்கள்.